கால்சியம் உள்ளே போன பத்து நாள்

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த கம்பெனியின் ஓய்வு பெற்றோர் சங்கம் இந்த ஆண்டு ஒரு மலர் கொண்டுவருகிறது. உறுப்பினர்கள் எல்லோருக்கும் போன கடிதம் எனக்கும் வந்தது. "பேரன் பேத்திகளுடன் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம்" என்று தொடங்குகிறது. எனக்கு வயது முப்பது. கல்யாணம் ஆகவில்லை. எங்கள் ஆய்வகத்தை மூடியபோது அதில் இருந்த மூன்று பேரையும் விருப்ப ஓய்வில் அனுப்பினார்கள். ஆகவே ஏட்டின்படி நான் ஓய்வு பெற்ற ஊழியர்.

சங்கத்தின் செயலாளர் போனில் இதைச் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "அது கிடக்கட்டும்மா. நீங்க அந்தப் பின்னாடி ரூம்ல இன்னாதான் பண்ணிக்கினு இருந்தீங்க? தினம் அந்த வழியாத்தான் கேண்டீனுக்குப் போவேன். கண்ணாடிப் பொட்டிக்குள்ள கைய உட்டுக்கினு நிப்பீங்க. அத்த எழுதேன்" என்றார்.

எழுதுகிறேன். எழுதுவதற்குப் போன மாதம் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. ஊர் கடம்பத்தூர், அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல் நிலம். சென்னைக்கு ரயிலில் போய்வந்து எம்.எஸ்சி. இயற்பியல் படித்தேன். இருபத்து மூன்று வயதில் வேலை கிடைத்தது. காலையில் கடம்பத்தூரில் ரயிலேறி, திருவள்ளூரில் இறங்கி, மணவாள நகரில் நின்று கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பஸ் பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குப் போகும். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அன்றைய வேலைகளை வரிசை எண் போட்டு நோட்டில் எழுதுவேன். பெரியபாளையம் கோயில் வளைவு வரும்போது பெரும்பாலும் ஏழாவது எண்ணில் இருப்பேன்.

எங்கள் கம்பெனி உலோகம் உருக்கும் கிராஃபைட் குருசிபிள்களும் பம்புக்கான சீல் வளையங்களும் செய்தது. சின்ன முதலாளி வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். கிராஃபைட்டை வைத்துக்கொண்டு வெறும் குருசிபிள் மட்டும் செய்கிறோமே என்று அவருக்கு ஒரு குறை. பின்பக்கத்தில் ஓர் அறையை ஒதுக்கி, சபீனா மேடத்தைத் தலைவராகப் போட்டார். உதவிக்கு என்னையும், உலைப் பிரிவிலிருந்து ஏழுமலை அண்ணனையும் கொடுத்தார்.

நாங்கள் செய்ய முயன்றது இதுதான். கிராஃபைட் என்பது பென்சிலில் இருக்கும் அதே பொருள். அதை ஓர் அப்பளக் கட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வோர் அப்பளமும் ஓர் அணு கனம். அந்த ஒற்றை அப்பளத்துக்குத்தான் கிராஃபீன் என்று பெயர், இப்போது கல்லூரிப் பிள்ளைகள் வாயிலெல்லாம் வருகிறதே அது. இந்தக் கட்டை எவ்வளவு குளிர வைத்தாலும் தானாக ஒன்றும் நடக்காது. ஆனால் ஒவ்வோர் அப்பளத்துக்கும் நடுவில் கால்சியம் அணுக்களை ஓர் அடுக்காக நுழைத்துவிட்டால், பதினொன்றரை கெல்வினில், அதாவது தண்ணீர் உறையும் நிலைக்குச் சுமார் இருநூற்று அறுபத்திரண்டு டிகிரி கீழே, அது மீக்கடத்தி ஆகிவிடும். மின்சாரத்துக்கு அதில் தடையே இருக்காது. காந்தத்தை அருகில் விடாமல் வெளியே தள்ளும். வெளிநாட்டில் சிலர் இதைச் செய்து காட்டி அப்போது ஓரிரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதைக் கும்மிடிப்பூண்டியில் செய்வது எங்கள் வேலை. அது முடிந்தால் இன்னும் குறைந்த அடுக்குகளில், முடிந்தால் இரண்டே அடுக்குகளுக்கு நடுவில் செய்வது சபீனா மேடத்தின் ஆசை.

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பில் இருப்பதும் கால்சியம்தான். ஆனால் தனி உலோகமாக இருக்கும்போது அது காற்றைக் கண்டாலே கெட்டுப்போகும். குறைந்த சூட்டில் உருகுவதற்காக அதோடு கலக்கும் லித்தியம் அதைவிட மோசம். அதனால் எல்லா வேலையும் கண்ணாடிப் பெட்டிக்குள், எதோடும் சேராத ஆர்கான் வாயுவில். பெட்டியின் முன்பக்கத்தில் இரண்டு துளைகள், அவற்றில் தோள்வரை நீளும் ரப்பர் கையுறைகள்.

சபீனா மேடம் பழவேற்காட்டுக்காரர். அப்போது அவருக்கு முப்பத்தாறு, முப்பத்தேழு வயதிருக்கும். டாக்டர் பட்டம் வாங்கியவர், ஆனால் முதல் நாள் என்னிடம் அதைச் சொல்லவில்லை. "எங்க வாப்பா கருவாட்டு ஏவாரம். ஈரம் பட்டா சரக்கு போச்சு. இங்கயும் அதேதான், வேற எதுவும் இல்ல" என்றார். பயிற்சி அவ்வளவுதான்.

நான் பட்டியல் போடுபவள். அவர் எதையும் எழுத மாட்டார். எடை, நேரம், வெப்பநிலை எல்லாம் தலையில் இருக்கும். என் நோட்டை எட்டிப் பார்த்து, "என்ன சுமதி, மளிகைக்கா?" என்பார். ஆனால் ஏதாவது மறந்துபோனால் என்னிடம் வந்து, "உன் மளிகைல பாரு" என்று கேட்பார்.

எழுதாத அவரிடம் ஒரே ஒரு வரிசை உண்டு, அதை ஒருநாளும் மாற்றியதில்லை. கையுறைக்குள் கை விடும் முன் வளையல்களைக் கழற்றுவார். முதலில் இடது கை, பிறகு வலது கை. அடுத்து மூன்று மோதிரங்கள், சின்னதிலிருந்து பெரிதுக்கு. எல்லாவற்றையும் ஒரு கண்ணாடித் தட்டில் வைப்பார். வளையல் விளிம்பு ரப்பரைக் கீறினால் பெட்டிக்குள் காற்று போய்விடும். என் பட்டியலிலும் அதனால் முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: வளையலைக் கழற்றவும். நான் சாயங்காலம் திரும்பப் போட மறந்து வெறும் கையோடு வீட்டுக்குப் போவேன். அம்மா வாசலிலேயே, "இன்னாடி இது, மொட்டைக் கையோட" என்று கத்துவாள்.

பெட்டிக்குள் ஆக்சிஜன் இல்லை என்று தெரிந்துகொள்ள விலையுயர்ந்த கருவி உண்டு. எங்களிடம் இல்லை. எங்களிடம் இருந்தது நாற்பது வாட் குண்டு பல்பு. ஏழுமலை அண்ணன் அதன் கண்ணாடியை மட்டும் இழை அறுபடாமல் உடைப்பார். அதைப் பெட்டிக்குள் மாட்டி ஸ்விட்ச் போடுவோம். காற்று இருந்தால் இழை ஒரு நொடியில் புகைந்து அறுந்துவிடும். ஆர்கான் சுத்தமாக இருந்தால் கண்ணாடி இல்லாமலேயே எரிந்துகொண்டிருக்கும், நாள்கணக்கில். அந்த அறையில் நான் மிகவும் விரும்பிப் பார்த்தது எது என்று கேட்டால், அதுதான். வெறும் கம்பி, மூடாமல், அமைதியாக எரிவது.

செய்முறை நீளமானது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். லித்தியத்தையும் கால்சியத்தையும் எடைபோட்டு, பெட்டியின் தரையில் பதித்த சிறிய உலையில் ஸ்டீல் கோப்பைக்குள் உருக்குவோம். மேலே படியும் ஏட்டை வழித்துவிட்டால் கண்ணாடி மாதிரி முகம் தெரியும். வெப்பம் முந்நூற்றைம்பது டிகிரியில் நிற்க வேண்டும். நாலு மில்லிமீட்டர் சதுர கிராஃபைட் துண்டைக் கம்பியில் கட்டி அதில் முக்குவோம். அதன் பிறகு பத்து நாள் காத்திருக்க வேண்டும். அடுக்குகளுக்குள் அணுக்கள் ஓரத்திலிருந்துதான் நுழைய முடியும், மெதுவாக.

சாதாரண கிராஃபைட் இதற்கு ஆகாது. அடுக்குகள் வரிசை பிசகாமல் இருக்கும் உயர்ந்த வகை, வெளிநாட்டிலிருந்து ஒரு தகடு வரவழைத்திருந்தார்கள். அதில் நல்ல பாகத்தை வெட்டியதில் மூன்று துண்டு கிடைத்தது. இந்தக் கட்டுரை அந்த மூன்று துண்டுகளைப் பற்றியது.

முதல் துண்டு நாலாம் நாள் கெட்டது. மின்வெட்டு வந்தது, ஜெனரேட்டர் ஓடியது, உலையின் கட்டுப்பாட்டுக் கருவி மறுபடி உயிர்பெற்றபோது வெப்பத்தைத் தாறுமாறாக ஏற்றிவிட்டது. எவ்வளவு ஏறியது என்று எங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அது திரும்ப இறங்கியும் விட்டது. துண்டு மங்கலாக, பொருக்குத் தட்டினாற்போல் இருந்தது. என்ன ஆயிற்று என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். பிறகு குப்பையை அப்புறப்படுத்துவதற்காக ஏழுமலை அண்ணன் அதை வெளியே எடுத்து முற்றத்தில் வைத்துத் தண்ணீர் தெளித்தார். மூக்கை உறிஞ்சினார்.

"இன்னா மேடம், இங்க யாரு கல்லு வச்சி மாங்கா பழுக்க வெக்கிறது?"

சபீனா மேடம் அறையிலிருந்து ஓடிவந்தார். "என்ன சொன்னீங்க?"

"மாங்கா மண்டி வாசனை மேடம். எங்க நைனா சீசனுக்கு சீசன் மண்டிலதான் கெடப்பாரு. கார்பைடு கல்லு. பொட்டலம் கட்டி கூடைக்கு நடுவுல வெப்பாங்க. இந்த வாசனைக்கு எனக்குச் சோறே எறங்காது."

கால்சியமும் கரியும் அதிகச் சூட்டில் சேர்ந்தால் வருவது கால்சியம் கார்பைடு. மாம்பழத்தை அவசரமாகப் பழுக்க வைக்கும் அதே கல். புத்தகத்தில் இருந்ததுதான், படித்தும் இருந்தோம். மேடம் முற்றத்திலேயே உட்கார்ந்து சிரித்தார். "ரெண்டு டிகிரிக்காரிங்க, மூக்கு ஒருத்தருக்குத்தான்" என்றார். அன்று மதியம் வழக்கம்போல் ஜெனரேட்டர் ஷெட் நிழலில் சாப்பிட உட்கார்ந்தபோது, அவர் கொண்டுவந்திருந்த இறாலில் பாதி ஏழுமலை அண்ணனுக்குப் போனது. அடுத்த வாரம் உலைக்குத் தனி பேட்டரி வந்தது.

இரண்டாவது துண்டில் செய்த தவறு எல்லோருடையதும். ஆறாம் நாள் காலை, எப்படி இருக்கிறது என்று பார்க்க நான் கம்பியை மெதுவாகத் தூக்கினேன். கருப்பாகப் போன துண்டு தங்கமாக வெளியே வந்தது. மஞ்சள் என்று சொல்ல முடியாது, அசல் தங்க நிறம். புதுசாகத் தட்டி எடுத்த தகடு மாதிரி உருகிய உலோகத்துக்கு மேலே தொங்கியது.

நான் கத்திவிட்டேன். பத்து நிமிடத்தில் அறை நிறைந்துவிட்டது. சீல் பிரிவிலிருந்து ஆட்கள், கேண்டீன் அம்மா, கடைசியில் சின்ன முதலாளி. பல்பு வெளிச்சத்தில் அது மின்னியது.

"சுமதிம்மா, இதுலேயே தாலி பண்ணிக்கலாம். ஒனக்கும் வேளை வந்துச்சு" என்றார் ஏழுமலை அண்ணன்.

"நாலு மில்லிமீட்டர் தாலியா அண்ணே?"

"மாப்ள சைசுக்கு அது போதும்."

சின்ன முதலாளி கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "அழகு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்று கேட்டார். மேடம் பதில் சொல்ல ஒரு நொடி தயங்கினார். அதை நான் பார்த்தேன். பிறகு அவரும் சிரித்தார். பத்து நாள் என்று நோட்டில் என் கையெழுத்தில் எழுதியிருந்தது. ஆனால் தங்கத்தைப் பார்த்த பிறகு எங்களில் யாருக்கும் அதைத் திரும்ப உள்ளே போட மனம் வரவில்லை. எடுத்தோம். ஆர்கான் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் வைத்து, வாயை நெருப்பால் உருக்கி மூடினோம்.

அவ்வளவு குளிருக்குத் திரவ ஹீலியம் வேண்டும், அது இருக்கும் இடத்தில்தான் அளக்க முடியும். சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எங்களுக்கு ஒரு நாள் கொடுப்பார்கள். குழாயை உடைக்காமல் அப்படியே கருவிக்குள் இறக்கிக் குளிர வைப்பார்கள். மீக்கடத்தி என்றால், காந்த அளவைக் காட்டும் கோடு பதினொன்றரையில் கீழே விழ வேண்டும். எங்கள் கோடு நாலு கெல்வின் வரைக்கும் விழாமல் கிடையாகவே போனது.

திரும்பி வரும் ரயிலில் மீஞ்சூர் வரைக்கும் மேடம் அந்தக் கோடு இருந்த காகிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு, "லித்தியம். வெறும் லித்தியம். அது சின்னது, மொதல்ல பூந்துடுது. தங்கம் பாதி வழிதான். கால்சியம் பின்னாடி வந்து அதைத் தள்ளிட்டு உக்காரணும். அதுக்குத்தான் பத்து நாள்" என்றார். இறங்கும்போது, "எனக்குத் தெரியும் சுமதி. அதான் கஷ்டம்" என்றார்.

மூன்றாவது துண்டு மிச்சம் இருந்தது. அதற்குள் கம்பெனியில் நிலைமை மாறிவிட்டது. பெரிய முதலாளி, அந்த அறை பேக்கிங் பிரிவுக்கு வேண்டும் என்று கேட்கத் தொடங்கியிருந்தார். சின்ன முதலாளி எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அடுத்த தடவை சென்னைல ஒரு கோடு, ஒரே ஒரு கோடு, விழுந்து காட்டினா நான் பேசிக்கறேன். இல்லன்னா என்னால முடியாது." எங்களுக்குக் கிடைத்த நாள் ஒரு புதன்கிழமை. பின்னாலிருந்து எண்ணிப் பார்த்தேன். முந்தின வாரம் சனிக்கிழமை மாலைக்குள் துண்டை முக்கினால், பத்து நாள் செவ்வாய் மாலையோடு முடியும். ஒரு நாள்கூட உபரி இல்லை.

அது ஆடி மாதம். சனிக்கிழமை காலை வரவேண்டிய ஆர்கான் சிலிண்டர் லாரி பெரியபாளையத்தில் மாட்டிக்கொண்டது. ஆடி ஞாயிறு என்றால் அங்கே என்ன கூட்டம் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். வேன், டிராக்டர், மாட்டு வண்டி, வேப்பிலை ஆடை கட்டியவர்கள், ரோட்டிலேயே பொங்கல் அடுப்பு. திங்கட்கிழமை மதியம்தான் லாரி வந்தது. டிரைவர் புது மொட்டையில் சந்தனம் பூசி, நெற்றி நிறையக் குங்குமத்தோடு இறங்கினார். "நின்னுக்கினே இருந்தேம்மா, சரி இருக்கற வேண்டுதலை முடிச்சிடலாம்னு" என்றார். எனக்கும் ஒரு பொட்டலம் குங்குமம் கொடுத்தார். அவரிடம் கோபித்துக்கொள்ள முடியவில்லை.

திங்கட்கிழமை மாலை ஐந்தரைக்குத் துண்டு உருகிய உலோகத்துக்குள் போனது. பல்பு எரிந்துகொண்டிருந்தது. எட்டு நாள்தான் இருந்தது.

எட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, மேடம் கருவியைத் தயார் செய்யக் காலையிலேயே சென்னைக்குப் போய்விட்டார். நான் மாலையில் துண்டை எடுத்து, குழாயில் மூடி, ரயிலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வளையலைக் கழற்றினேன். ஐந்தரைக்குக் கம்பியைத் தூக்கினேன்.

நாலு ஓரமும் வெள்ளியாக மாறியிருந்தன. நடுவில் தங்கம். ஒரு சின்ன ஜன்னல் மாதிரி, நடுவில் மட்டும். ஓரத்திலிருந்து கால்சியம் வந்துகொண்டிருக்கிறது, இன்னும் போய்ச் சேரவில்லை என்பது கண்ணுக்கே தெரிந்தது.

துண்டை மறுபடி முக்கிவிட்டு, கையை வெளியே எடுத்து மேடத்துக்குப் போன் செய்தேன்.

"நடுவுல இன்னும் தங்கம் இருக்கு மேடம்."

"எவ்வளவு?"

"பாதிக்குக் கொஞ்சம் கம்மி."

"போதும். எடு."

"இன்னும் ரெண்டு நாள் வச்சா முழுசா..."

"சுமதி, கேளு. கோடு கொஞ்சம் சாஞ்சாப் போதும். அவங்களுக்கு ஒரு சாய்வு காட்டினா ரூம் நிக்கும். ரூம் நின்னா அடுத்த தகடு வரவழைக்கலாம். எடு."

"ஆறாம் நாளும் அப்படித்தான் மேடம் எடுத்தோம்."

யாரோ பின்னால் அவரைக் கூப்பிடுவது கேட்டது. "நான் சொல்றேன், எடு" என்று வைத்துவிட்டார்.

அவர் சொன்னதில் தவறு இல்லை. இன்று எழுதும்போதும் தவறு தெரியவில்லை. நான் மறுபடி கையுறைக்குள் கையை விட்டேன். கம்பியைத் தூக்கினேன். அந்தச் சின்ன தங்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஏழுமலை அண்ணன் குழாயும் அதை உருக்கி மூடும் கேஸ் டார்ச்சுமாகத் தயாராக இருந்தார். "இன்னாம்மா, ரயிலுக்கு நேரமாவுது" என்றார். என்னிடம் காரணங்களின் பட்டியல் ஒன்றும் இருக்கவில்லை. இருந்திருந்தால் எடுத்திருப்பேன். அது கடைசித் துண்டு. வெளியே வந்துவிட்டால் அது என்றைக்கும் பாதியாகவே இருக்கும். அது மட்டும்தான் மனதில் இருந்தது.

திரும்ப முக்கினேன்.

"அண்ணே, இது இன்னும் ஆவல. நீங்க வீட்டுக்குப் போங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், டார்ச்சை அணைத்தார். "மேடத்துக்கு நீயே சொல்லிடு தாயி. என்ன மாட்டி உட்ராத" என்றார். சொன்னேன். மேடம் "சரி" என்று ஒரே வார்த்தை சொன்னார். புதன்கிழமை எங்களுக்குரிய நேரத்தில் அந்தக் கருவியில் யாரோ வேறு ஆட்கள் வேறு எதையோ அளந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு எடுத்தேன். பத்து நாளும் பதினாறு மணி நேரமும். முழுக்க வெள்ளி. எந்தப் பளபளப்பும் இல்லாமல், எவர்சில்வர் தட்டின் அடிப்பக்கம் மாதிரி. வேடிக்கை பார்க்க யாரும் வரவில்லை. குழாயில் மூடினோம். மேடம் வந்து கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு" என்றார். பிறகு மேசைக்கு வந்து, காலையில் வந்ததும் கழற்றித் தட்டில் வைத்திருந்த மோதிரங்களை எடுத்து, பெரிதிலிருந்து சின்னது வரை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். "இதை யார்கிட்ட காட்டறது சுமதி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன் பிறகு அவர் மதியம் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. ஒரு மாதத்தில் அறையை மூடினார்கள். பெட்டியிலிருந்து ஆர்கானை வெளியேற்றிய அன்று பல்பை அணைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. காற்று உள்ளே போனதும் அது தானாகப் புகைந்து அறுந்தது. ஏழுமலை அண்ணன், "போச்சு" என்றார். மேடம் மலேசியாவுக்கு ஒரு கல்லூரி வேலைக்குப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. குழாயை யாரும் கேட்காததால் அது என்னிடமே இருந்தது. கடம்பத்தூர் வீட்டில், பீரோவின் மேல் தட்டில், என் சான்றிதழ்களுக்குப் பக்கத்தில், பருத்தித் துணியில் சுற்றி இரண்டு வருடம்.

இப்போது திருவள்ளூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வகப் பொறுப்பில் இருக்கிறேன். நல்ல வேலை, வீட்டுக்குப் பக்கம். ஆனாலும் சில விஷயங்கள் விடுவதில்லை. கையுறைக்குள் பவுடர் வாசனை. ஆர்கான் வால்வைத் திறக்கும்போது வரும் சின்னச் சீறல். உருகிய உலோகத்தில் ஏட்டை வழித்ததும் என் முகமே தெரிவது. ஜெனரேட்டர் ஷெட் நிழலில் இறால் வாசனை, மேடத்தின் 'மளிகைல பாரு'. ஒரு பொருள் தன்பாட்டுக்கு மெதுவாக மாறிக்கொண்டிருக்கிறது, நாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்ற அந்தப் பத்து நாள். இப்போது என் வேலைகளெல்லாம் நாற்பத்தைந்து நிமிடப் பீரியடில் முடிந்துவிடுகின்றன.

போன மாதம் நடந்தது இதுதான். என்னிடம் படித்த மஞ்சுளா என்ற பெண் சென்னையில் அந்த ஆய்வு நிறுவனத்தில் திட்ட உதவியாளராகச் சேர்ந்திருக்கிறாள். அவளிடம் ஒருமுறை இந்தக் கதையைச் சொல்லியிருந்தேன். போன் செய்தாள். "மேடம், வெள்ளிக்கிழமை கருவியில ஹீலியம் மிச்சம் இருக்கும். நாலு மணி நேரம் தரேன்னு சொல்லிட்டாங்க. அந்தக் குழாய் இன்னும் இருக்கா?"

இருந்தது. ஆனால் இரண்டு நாள் யோசித்தேன். குழாயில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்திருந்தால் உள்ளே இருப்பது வெறும் சாம்பல். கோடு விழாமல் போனால், ஓர் அறையையும் ஒரு மனுஷியையும் நான் ஒன்றுமில்லாததற்குத் தொலைத்தவள் ஆவேன். தெரியாமலேயே இருந்தால் இன்னும் கொஞ்ச காலம் தாங்கலாம். மூன்றாம் நாள் காலை துணியில் சுற்றி, டிபன் டப்பாவுக்குள் வைத்து, ரயிலேறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்குப் பதினாலு குறிப்புகள் எழுதிக் கொடுத்தேன். "மேடம், இது குழந்தையை ஸ்கூல்ல விடற மாதிரி இருக்கு" என்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை, கல்லூரி மேசையில் இருந்தபோது போன் வந்தது.

"மேடம், பதினொண்ணு புள்ளி நாலுல எறங்கிச்சு. நேரா. சுவர் மாதிரி நிக்குது கோடு."

"சாய்வா இல்லையா?"

"இல்ல மேடம். சாய்வே இல்ல. சுவர்."

முழுதாக உள்ளே போயிருந்தால்தான் கோடு அப்படி விழும். நடுவில் தங்கம் மிச்சமிருந்தால் அரைகுறையாகத்தான் விழுந்திருக்கும். என்றாலும், அந்த அரைகுறையே எங்கள் அறைக்குப் போதுமானதாக இருந்திருக்கும் என்பதும் அதே கோட்டில் எழுதியிருந்தது. மஞ்சுளா "மேடம், இருக்கீங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பழவேற்காட்டில் சபீனா மேடத்தின் தங்கச்சி வீட்டில் கேட்டு மலேசியா எண்ணை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் அவர் நலமா என்று கேட்கவில்லை. முன்பும் கேட்டதில்லை.

"மேடம், அந்த மூணாவது துண்டை அளந்தாங்க. பதினொண்ணு புள்ளி நாலு."

நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"எத்தனை நாள் வச்சே?"

"பத்து நாள், பதினாறு மணி நேரம்."

"நான் இருந்திருந்தா எட்டுலயே எடுத்திருப்பேன்."

"தெரியும் மேடம்."

"ரூம் நின்னிருக்கும்."

"ஆமாம் மேடம்."

பின்னால் ஒரு மின்விசிறி ஓடும் சத்தம்.

"எப்படி விழுந்துச்சு? சாஞ்சா, நேரா?"

"சுவர் மாதிரி."

"சுவர் மாதிரியா!" என்றார். அந்தக் குரலை நான் மாங்காய் வாசனை வந்த அன்றைக்குத்தான் கேட்டிருக்கிறேன். "இன்னொரு தடவ சொல்லு."

"சுவர் மாதிரி மேடம்."

"ம். அந்தக் கோட்டை எனக்கு அனுப்பு." உடனே அடுத்த கேள்வி: "சுமதி, ரெண்டே அடுக்கு எடுத்து, நடுவுல மட்டும் கால்சியம் விட்டா எத்தனை டிகிரில விழும்னு நினைக்கிறே?"

எனக்குத் தெரியாது. யாருக்கும் இன்னும் தெரியாது என்று நினைக்கிறேன். எங்களிடம் பெட்டி இல்லை, ஆர்கான் இல்லை, தகடு இல்லை, நடுவில் ஒரு கடல் இருக்கிறது. நான் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டு அவர், "என்ன, மளிகை எழுதறியா?" என்று கேட்டார்.

நோட்டை ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தேன். முதல் வரியை எழுதி முடித்திருந்தேன்.

ஒன்று: வளையலைக் கழற்றவும்.